கேட்கத் தயங்கும் மூன்றாவது கேள்வி

புராஸ்டேட் வீக்கத்துக்கு ஆபரேஷன் என்றதும் நம் ஆண்கள் கேட்பது இரண்டே கேள்விகள்: எவ்வளவு செலவாகும், எப்போது வீட்டுக்குப் போகலாம்? அதன் பிறகு உடலில் என்ன மாறும் என்ற மூன்றாவது கேள்வியை வெட்கம் விழுங்கிவிடுகிறது. சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை விட்டுச் சுரப்பியைச் செதுக்கியெடுக்கும் டி.யு.ஆர்.பி. முறைக்குப் பிறகு, பெரும்பாலானோருக்கு உச்சத்தில் விந்து வெளியே வராது. பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடலுக்குக் கேடில்லை, விறைப்புத்தன்மையும் பெரும்பாலும் கெடுவதில்லை. ஆனால் முன்பே சொல்லாவிட்டால், ஆண்மையே போய்விட்டதென்று மனிதர் உள்ளுக்குள் நொந்துபோவார். இரண்டாவது வாரத்தில் புண்ணின் பொருக்கு உதிர்ந்து சிறுநீர் திடீரெனச் சிவப்பதும் அப்படித்தான். விவரம் தெரிந்தவர் தண்ணீர் குடித்து ஓய்வெடுப்பார். தெரியாதவர் நள்ளிரவில் ஆட்டோ பிடிப்பார். ரத்தம் கட்டிகட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, காய்ச்சல் அடித்தாலோதான் உடனே ஓட வேண்டும். மாத்திரையோடு நிற்பவர்களுக்கும் ஒரு சேதி: டாம்சுலோசின் சாப்பிடுபவர், கண்புரை ஆபரேஷனுக்கு முன் அதைக் கண் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும், கண்ணின் பாவையைச் சுற்றியுள்ள திரையை அது தளர்த்திவிடும். இவையெல்லாம் ஒப்புதல் படிவத்தின் பொடி எழுத்தில் இருந்தால் போதாது. மருத்துவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கையெழுத்துப் போடும் முன் நீங்கள் கூச்சத்தை விட்டுக் கேளுங்கள்.