பிளாவும் பேணியும்

உண்டி கொடுத்தலை உயர்ந்த அறமெனப் போற்றிய தமிழர், உண்டி விற்றலை நெடுங்காலம் ஐயக்கண்ணுடனேயே நோக்கி வந்தனர். வீட்டு விருந்துக்கும் மடத்து அன்னதானத்துக்கும் நம்மிடையே உள்ள பெருமை தெருமுனை உணவுச்சாலைக்கு இல்லை. ஒருவர் கடைச் சாப்பாடு உண்கின்றார் எனக் கேட்டதும், அவர் வீட்டில் ஆக்கித் தருவாரில்லைப் போலும் என்று இரங்குவதே நம் வழக்கம். இவ்விரக்கம் பொருந்தாதென்பதே எம் கருத்து. விருந்தும் தானமும் செய்யமாட்டாத தொன்றை ஊர்க்கடை செய்கின்றது. அதனை நாம் உணராதிருந்தமையாற் பெருந்தீங்கொன்றும் இந்நாட்டில் நெடுநாள் நிலைத்தது.

விருந்து என்பது அழைப்பின் வழிப்பட்டது. அழைப்பவர் தம் சுற்றம், நட்பு, ஊர்நிலை என்பன நோக்கி அழைப்பார். பந்தியில் யார் எங்கே இருப்பது என்பதும் அவரே வகுப்பது. தானமோ தேவையின் வழிப்பட்டது. ஏற்பவர் கை தாழ்ந்தே நிற்கும். உண்டபின் நன்றி என்னுங் கடன் அவர்மேல் நிற்கும். உணவுச்சாலையில் இவ்விரண்டும் இல்லை. விலையைக் கொடுத்தவர் வாங்கிலே இருக்கின்றார். உண்டு கைகழுவி எழுந்து போகின்றார். அவர் யார் மகன், எவ்வூரார் என்று கேட்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை. உறவினர் அல்லாத இருவர் ஒரே மேசையின் இரு மருங்கும் இருந்து உண்ணும் நிலையை வேறெந்த இடம் இத்துணை எளிதில் உண்டாக்கும்?

இந்நிலையம் அயலார் புகுத்திய புதுமை என்பாரும் உளர். பட்டினப்பாலையைக் கற்றவர் அங்ஙனம் கூறார். மீனும் ஊனும் பொரிக்கின்ற ஓசை எழும் முற்றத்தையும், அங்கே கள் விற்கப்படும் என்பதை அறிவித்து அசையும் கொடியையும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களிற் காட்டுகின்றார். மதுரைக்காஞ்சி கூறும் நாளங்காடியிலும் அல்லங்காடியிலும் தின்பண்டம் விற்போர் உளர். யவனர் கொண்டுவந்த மணமிக்க தேறலைப் புறநானூற்று 56ஆம் பாட்டு நினைவூட்டுகின்றது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழ்வாய்விலும், அத்தகைய தேறலைக் கொணர்ந்த மத்தியதரைக் கடற்புறத்துச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. எனவே, விலைக்கு உண்பதும் விலைக்குக் குடிப்பதும் தமிழருக்குப் புதியன அல்ல.

அந்தக் கொடிக்கு ஒப்பானதொன்றை வியன்னா நகரப் புறத்திலே இன்றுங் காணலாம். திராட்சை பயிரிடுவோர் தம் தோட்டத்துத் தேறலைத் தாமே விற்றுக்கொள்ளலாம் என்று இரண்டாம் யோசேப்பு மன்னன் 1784இல் ஆணை பிறப்பித்தான். புதுத்தேறல் விற்கப்படும் நாள்களில் வாயிலிலே பசிய பைன்மரக் கொத்தொன்று தூக்கப்படும். உள்ளே நீண்ட வாங்குகள். முன்பின் அறியாதவரும் அடுத்தடுத்து இருப்பர். பாரிசு நகரத்திலே பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறொரு முறை தோன்றிற்று. உடற்றேற்றம் தரும் இரசத்துக்கு வழங்கிய ‘ரெஸ்டோரன்ட்’ என்ற பெயர், அவ்விரசம் விற்ற கடைக்கும் ஆயிற்று. விடுதித் தலைவன் குறித்த நேரத்திற் பொதுமேசையில் வைப்பதையே அனைவரும் உண்ட பழைய வழக்கம் அங்கே மாறிற்று. தனித்தனி மேசையும், விலை எழுதிய பட்டியலும், வேண்டிய நேரத்தில் வேண்டியதைக் கேட்கும் உரிமையும் வந்தன. ஒன்று நீண்ட வாங்கு. மற்றது தனி மேசை. வடிவம் வேறாயினும் இரண்டின் உட்பொருளும் ஒன்றே. விலை கொடுப்பவருக்கு இருக்கை உண்டு.

இவ்வுட்பொருளை நம் யாழ்ப்பாணத்தில் வைத்துப் பார்ப்போம். ஊர்ச்சந்திகளிலே தேநீர்க்கடைகள் எழுந்தபோது, உயர்ந்தோர் எனப்பட்டவருக்கு வாங்கும் பேணியும் இருந்தன. தாழ்த்தப்பட்டவருக்கோ வாயிற்புறத்து நிலமும், சிரட்டையும், தகரப்பேணியும், போத்தலுமே இருந்தன. அவர் கொடுத்த காசு மற்றையவர் காசோடு ஒரே பெட்டியில் விழுந்தது. காசுக்குத் தீட்டில்லை, கொடுத்த கைக்கே தீட்டு. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம், சாதி காரணமாக ஒருவரைக் கடையிலிருந்தும் உணவுச்சாலையிலிருந்தும் விலக்குதல் குற்றம் என்றது. ஆயினும் ஏட்டிலுள்ள சட்டம் வாங்கிலே இடம் ஒதுக்கித் தந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. அதன்பின் கோயில் வாயிலிலும் தேநீர்க்கடை வாயிலிலும் மக்கள் அடிபட வேண்டியிருந்தது. ஒரு பேணி தேநீருக்காகவோ இத்துணைப் பாடு என்று அன்று நகைத்தாரும் உண்டு. தேநீர் எங்கும் கிடைக்கும். அவர்கள் கேட்டது இருக்கையை.

இது தூய்மை பற்றிய வழக்கன்று என்பதற்கு நம் ஊர்க் கள்ளே சான்று. பனையேறுந் தொழிலாளி விடியலில் மரமேறிப் பாளை சீவி, முட்டியிலே கள் இறக்கி வருவார். அவர் கைபட்ட அக்கள்ளைப் பனையோலைப் பிளாவில் வார்க்கச் செய்து, இரு கையாலும் ஏந்தி அருந்தியவர்களுள் தம்மை உயர்ந்தோர் எனக் கருதியவரும் பலர். அருந்தி மீசையைத் துடைத்துக்கொண்டு போனவர், மாலையிலே தேநீர்க்கடையில் அத்தொழிலாளி பேணியைத் தொட்டால் தீட்டென்றார். பிளாவில் இல்லாத தீட்டுப் பேணியில் எங்ஙனம் புகுந்தது? விடை எளிது. கள் வேலிக்கரையிலும் பனையடியிலும் அருந்தப்பட்டது. அங்கே குந்தியிருந்தவரை ஊர் கணக்கில் வைப்பதில்லை. தேநீர்க்கடையோ சந்தியில் உள்ளது. அங்கே இருவர் ஒரு வாங்கில் இருந்தால் ஊர் காணும், கண்டால் ஒப்பாகும். அஞ்சியது தீட்டுக்கன்று, ஒப்புக்கே.

கடை எனது, நான் விரும்புவோரை இருத்துவேன், விரும்பாதோரை விலக்குவேன் என்று கடைக்காரர் உரிமை பேசலாம். வீட்டுத் திண்ணையாயின் அவ்வுரை ஒருவாறு பொருந்தும். பெயர்ப்பலகை தூக்கி, விலை எழுதி, வாருங்கள் என்று தெருவை நோக்கி அழைத்தவர், வந்தவரின் குலத்தை ஆராயும் உரிமையை அவ்வழைப்போடு துறந்தவராவர். கொடி தூக்கியபின் வாயிலை அடைத்தல் வணிக அறமும் அன்று.

மது விற்கும் உணவுச்சாலையை யாம் புகழ்வதாக எவரும் கருதற்க. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை மாணாக்கருக்கு உரைக்கும் ஆசிரியர் அதற்கு மாறாக எழுதார். எனினும், மதுவை விலக்குதல் வேறு. மாந்தரை விலக்குதல் வேறு. 1979ஆம் ஆண்டின் அறிவித்தலொன்று மதுச்சாலைகளில் பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்தது. 2018 சனவரியில் நிதியமைச்சு அத்தடையை நீக்கிற்று. சில நாள்களுள் சனாதிபதியின் பணிப்பால் அந்நீக்கம் மீளப்பெறப்பட்டது. குடி தீதெனின் இருபாலார்க்கும் தீதே. ஆடவர் குடியாற் சோறின்றி இருக்கும் வீடுகளைக் கண்டும் ஆடவரைத் தடுக்காத விதி, பெண்ணை மட்டுந் தடுத்தல் ஒழுக்கங் காத்தலன்று, இருக்கையை மறுத்தலே. சிரட்டையை நீட்டிய பழைய கைக்கும் இதற்கும் வேற்றுமை சிறிது.

சிரட்டை மறைந்துவிட்டது என்று நாம் மகிழ்கின்றோம்; மகிழத் தக்கதே. ஆனால் விலக்குதல் வடிவம் மாறியும் வரும். குளிரூட்டிய புதிய உணவுச்சாலையில், கந்தல் உடுத்தவர் வாயிலில் நின்றால், “பொதி கட்டித் தரட்டோ?” என்று இனிமையாய்க் கேட்பதும் ஒரு விலக்கே. தனியே வந்த பெண்ணை மூலையிலுள்ள மறைப்புக்குப் பின்னே போகச் சொல்வதும் விலக்கே. ஒரு வெறுந்தேநீரோடு நாளிதழை விரித்து அரைமணி நேரம் இருக்கும் முதியவரைச் சுற்றி மேசை துடைப்பதும் விலக்கே. அம்முதியவர்க்கு வீட்டிற் பேச ஆளில்லாதிருக்கலாம். பிள்ளைகள் கடல்கடந்து போயிருக்கலாம். கடை அவருக்கு விற்பது தேநீர் மட்டுமன்று. மனிதர் முகத்தையும் விற்கின்றது. அதற்குத் தனிவிலை கேளாமையே ஊர்க்கடையின் பெருந்தன்மை.

ஆதலால், நல்ல உணவுச்சாலை எது என வினவுவார்க்கு யாம் கூறுவது இது. கறியின் சுவையை நாக்கு அறியும். அதற்குப் பிறர் உரை வேண்டா. கடையுட் புகுந்ததும் யார் யார் இருக்கின்றனர் என்று பாருங்கள். தெருக்கூட்டுந் தொழிலாளி இருக்கின்றாரா? தனியே வந்த பெண் நடுமேசையில் அச்சமின்றி உண்கின்றாளா? முதியவர் தம் வெறுந்தேநீரை ஆறவிட்டு ஆறவிட்டுக் குடிக்கின்றாரா? இம்மூவர்க்கும் இடமுள்ள கடையில் உப்புச் சற்றுக் கூடினும் பொறுத்துக்கொள்ளலாம். இம்மூவரும் இல்லாத கடையில் எட்டுக் கறியோடு இலை போட்டாலும், அங்கே விருந்தோம்பல் இல்லை. விற்பனை மட்டுமே உண்டு.