போபால் அறிக்கை சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தது

2025 ஜூன் மாத இறுதியில் இந்தியாவிலிருந்து இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. போபாலில் யூனியன் கார்பைட் தொழிற்சாலை வளாகத்தில் நாற்பது ஆண்டுகளாகக் கிடந்த 337 தொன் நச்சுக் கழிவு பீதாம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டு எரித்து முடிக்கப்பட்டது என்பது ஒன்று. தெலங்கானாவின் பாசமைலாரம் கைத்தொழில் பேட்டையில் இயங்கிய சிகாச்சி தொழிற்சாலை ஜூன் 30 காலை வெடித்ததில் 40இற்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பலியானார்கள் என்பது மற்றையது. இறந்தவர்களில் பலர் தூர மாநிலங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள்.

இவ்வாறான விபத்து நடந்த மறுநாளே எழும் கோரிக்கை ஒன்றுண்டு: எல்லாத் தொழிற்சாலைகளிலும் பாதுகாப்புக் கணக்காய்வு நடத்துங்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் போபால் தொழிற்சாலை கணக்காய்வு செய்யப்படாத தொழிற்சாலை அல்ல. விபத்துக்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே அது நடந்தது. அதுவும் நன்றாகவே நடந்தது.

பாதுகாப்புக் கணக்காய்வு என்றால் கணக்குப் புத்தகம் பார்ப்பதல்ல. அந்த இரசாயனத்தையும் அதன் உற்பத்தி முறையையும் அறிந்தவர்கள் தொழிற்சாலைக்குள் நடந்து, வால்வு, குழாய், தாங்கி, அழுத்தமானி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். எச்சரிக்கை மணி உண்மையில் ஒலிக்கிறதா, பராமரிப்புப் பதிவேட்டில் உள்ளது தளத்திலும் இருக்கிறதா, இரவு வேலைக்கு வருபவருக்கு என்ன பயிற்சி கொடுக்கப்பட்டது என்று கேட்பார்கள். முகாமையாளரின் அறையில் தேநீரோடு தொடங்கி அங்கேயே முடியும் கணக்காய்வுகளும் உண்டு. அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

1981 டிசெம்பரில் போபால் தொழிற்சாலையில் பொஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு முஸ்லிம் தொழிலாளி உயிரிழந்தார். அடுத்த மாதமும் ஒரு கசிவு நடந்து பலர் வைத்தியசாலைக்குப் போனார்கள். 1982 மே மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த மூன்று கார்பைட் நிபுணர்கள் தொழிற்சாலையைப் பரிசோதித்து 61 குறைகளைப் பட்டியலிட்டார்கள். அவற்றில் 30 பாரதூரமானவை. அந்த 30இல் 11, பொஸ்ஜீனும் மெதைல் ஐசோசயனேட்டும் கையாளப்பட்ட பகுதிகளைச் சேர்ந்தவை. கருவிகள் பழுதாகியோ, இயக்கத்திலோ பராமரிப்பிலோ தவறு நேர்ந்தோ நச்சு வெளியேறக்கூடும் என்று அறிக்கை கூறியது. நிலையான நீர்த் தெளிப்பு வசதி பல இடங்களில் இல்லை என்றது. ஊழியர்கள் அடிக்கடி மாறுவதையும் குறித்தது.

அந்த அறிக்கையில் ஒரு சின்ன அவதானிப்பும் இருந்தது. வடிகட்டிகளைக் கழுவும்போது குழாய் இணைப்பில் இரும்புத் தகடு செருகி அடைக்காமலேயே வேலை நடக்கிறது, வால்வு கசிந்தால் ஆபத்து என்பதே அது. வால்வை மாத்திரம் நம்பக் கூடாது, அது பழசானால் கசியும். தகடு செருகினால் ஒரு சொட்டும் போகாது. சில நிமிட வேலை, அற்பச் செலவு. 1984 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு குழாய்கள் நீரால் கழுவப்பட்டன. தகடு செருகப்படவில்லை. அந்த நீர் 610 ஆம் இலக்கத் தாங்கிக்குள் போய், அங்கிருந்த ஏறத்தாழ 40 தொன் மெதைல் ஐசோசயனேட்டுடன் சேர்ந்து கொதித்தெழுந்தது என்பது தொழிலாளர்கள் தரும் விளக்கம். கம்பனி இதை ஏற்கவில்லை. யாரோ வேண்டுமென்றே நீரைச் செலுத்திய நாசவேலை என்றே இன்றுவரை சொல்கிறது.

எப்படி நீர் புகுந்திருந்தாலும், அதைத் தடுத்து நிறுத்த வேண்டியவை எங்கே போயின? இரசாயனத்தைக் குளிரில் வைத்திருக்க வேண்டிய குளிரூட்டல் தொகுதி 1984 ஜூன் மாதமே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய்த் துண்டு திருத்த வேலைக்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவி நச்சு நீக்கும் கோபுரம் இயங்காமல் ஓய்வில் இருந்தது. நீர் பீய்ச்சியபோது அது வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. தொழிற்சாலை நட்டத்தில் ஓடியதால் ஆட்கள் குறைக்கப்பட்டிருந்தார்கள். மத்தியப் பிரதேச அரசாங்கம் உறுதிப்படுத்திய மரணங்கள் மாத்திரம் 3,787. மதிலுக்கு எதிரே இருந்த குடிசைகளையும், முஸ்லிம்கள் நெருங்கி வாழ்ந்த பழைய நகரத்தையும் நோக்கித்தான் காற்று வீசியது.

ஆகவே கணக்காய்வு தோற்றது கண்டுபிடிப்பதில் அல்ல, அதற்குப் பின்னர்தான். குறைகள் நீக்கப்படுகின்றன என்று இந்திய துணை நிறுவனத்திலிருந்து அமெரிக்காவுக்கு முன்னேற்ற அறிக்கைகள் போயின. 1984 டிசெம்பரில் தொழிற்சாலை இருந்த நிலை அந்தக் காகிதங்களோடு பொருந்தவில்லை. 1982இல் ஓடிக்கொண்டிருந்த குளிரூட்டியை 1984இல் நிறுத்தும்போது, இதனால் ஆபத்து எவ்வளவு கூடும் என்று கேட்டு மறுக்கக்கூடிய எவரும் அந்த முடிவின் பாதையில் நிற்கவில்லை. இதைவிட மோசமான ஒன்று உண்டு. 1984இல், இதே இரசாயனத்தைக் கையாண்ட மேற்கு வேர்ஜீனியாத் தொழிற்சாலையில் கம்பனி ஓர் ஆய்வு நடத்தியது. சேமிப்புத் தாங்கியில் கட்டுக்கடங்காத தாக்கம் ஏற்படலாம் என்று அது எச்சரித்தது. அந்த எச்சரிக்கை போபாலுக்கு அனுப்பப்படவில்லை.

1982 அறிக்கையும் கம்பனியின் சொத்தாகவே இருந்தது. மதிலுக்கு அப்பால் தூங்கியவர்கள் அதில் ஒரு வரியைக்கூட அறிந்திருக்கவில்லை. ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1982இலிருந்தே சிறிய ஏடொன்றில் எச்சரித்து எழுதி வந்தார். அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்த மக்களுக்காகப் பிற்காலத்தில் வீதியில் நின்றவர்களில் முக்கியமானவர் மர்ஹூம் அப்துல் ஜப்பார். விதவைகளையும் நோயாளிப் பெண்களையும் திரட்டி, 2019இல் வபாத்தாகும் வரை நட்டஈட்டுக்கும் மருத்துவத்துக்கும் போராடினார்.

போபாலுக்குப் பிறகு சட்டங்கள் மாறின. அமெரிக்கா 1986இல், அயலில் என்ன இரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று அறியும் உரிமையைக் குடியிருப்பாளர்களுக்குச் சட்டமாக்கியது. 1992இல் வந்த விதி, அபாயகரமான தொழிற்சாலைகள் மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் கணக்காய்வு செய்யவும், ஒவ்வொரு குறையும் திருத்தப்பட்டதை எழுத்தில் காட்டவும் கட்டளையிட்டது. இந்தியா 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்து விபரங்களை அயலவருக்கும் தெரிவிக்கச் சொன்னது. அந்தச் சட்டமுள்ள நாட்டில்தான் சிகாச்சி வெடித்தது என்பதும் உண்மை.

நமது நாட்டுக்கு வருவோம். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 25 தொன் நைட்ரிக் அமிலம் இருந்தது. கொள்கலன் கசிவது கொழும்புக்கு வருமுன்னரே தெரிந்திருந்தது. கட்டாரின் ஹமாத், இந்தியாவின் ஹசீரா ஆகிய துறைமுகங்கள் அதை இறக்க மறுத்தன. 2021 மே மாதம் நம் கடலில் தீப்பிடித்தது. நீர்கொழும்பு மீனவரின் வலைக்குள் பிளாஸ்டிக் மணிகள் வந்தன. 2025 ஜூலை 24இல் உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. இங்கும் தெரியாமல் நடந்தது எதுவுமில்லை. தெரிந்தவர்கள் இருந்தார்கள், தடுத்து நிறுத்தியவர்கள்தான் இல்லை.

இது பெரிய கப்பல்களுக்கும் பன்னாட்டுக் கம்பனிகளுக்கும் மட்டுமுரிய கதையல்ல. 2018 ஏப்ரலில் ஹொரணை, பெல்லபிட்டியவில் இறப்பர் தொழிற்சாலையொன்றில் அமோனியா தாங்கியில் விழுந்த ஒருவரைக் காப்பாற்றப் போனவர்கள் உட்பட ஐந்து பேர் இறந்தார்கள். சுவாசக் கவசம் எங்கே இருக்கிறது, அதை அணியத் தெரிந்தவர் இன்று வேலைக்கு வந்திருக்கிறாரா என்று கேட்பதுதான் கணக்காய்வின் அரிச்சுவடி. நம்மிடம் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 முதல் இருக்கிறது. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கிறது, அதைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால் அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்குவது, அதிலுள்ள நிபந்தனைகள் நிறைவேறியதற்கு அத்தாட்சி ஆகாது.

பொய்ச்சாட்சி பெரும்பாவம் என்று குத்பாக்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆய்வறிக்கையில் இடும் கையொப்பமும் ஒரு சாட்சியம்தான். "திருத்தப்பட்டது" என்று பார்க்காமலே எழுதுபவர் பொறியியலாளராக இருந்தாலும், தொழிற்சாலை உரிமையாளராக இருந்தாலும், அவர் பொய்ச்சாட்சியே சொல்கிறார். நமது வர்த்தகர்கள் சிலரும் இரசாயனக் களஞ்சியம் நடத்துகிறார்கள். அவர்களுக்கும் இது பொருந்தும்.

தொழிற்சாலைக்கு அருகில் வாழும் ஊர்களுக்கு ஒரு வழி திறந்தே இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் தொழில் திணைக்களத்திடமும் எழுத்தில் கேட்கலாம். கடைசிப் பரிசோதனை எப்போது நடந்தது, என்ன குறைகள் காணப்பட்டன, அவை நீக்கப்பட்டதை யார் நேரில் போய்ப் பார்த்தார் என்று கேட்க வேண்டும். மூன்றாவது கேள்வியை விட்டுவிட வேண்டாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அறிவிக்க வேண்டும். மறுத்தால் முதலில் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். பள்ளிவாசல் நிருவாகமோ மீனவர் சங்கமோ வாலிபர் அமைப்போ இதைச் செய்வதற்கு ஒரு கடிதம் போதும்.