ஓசித் தங்கம் எண்டு ஆர் சொன்னது?

1980 மொஸ்கோ ஒலிம்பிக் ஹொக்கியைப் பற்றிக் கதைச்சால் உடனே ஒரு நக்கல் வரும்: "பெரிய அணிகள் வரேல்லை, அது ஓசித் தங்கம்." வரேல்லைதான். ஆண்கள் ஹொக்கியில் பாகிஸ்தான், மேற்கு ஜேர்மனி, நெதர்லாந்து, அவுஸ்திரேலியா ஒன்றுமே இல்லை. இந்தியா தான்சானியாவுக்கு 18 கோல் போட்டது. ஆனால் இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 4-3 எண்டு மூச்சுவாங்கித்தான் வென்றது.

நக்கலை ஏன் விளையாடினவர்கள் மேல் கொட்டவேணும்? சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தது அநியாயம். அதில் எங்களுக்கு மறுபேச்சில்லை. ஆனால் அதற்கான விலையை ஆரிட்டை வாங்கினார்கள்? ஆண்கள் 1908இலேயே ஒலிம்பிக்கில் ஹொக்கி ஆடிவிட்டார்கள். பெண்களுக்கு 72 வருசம் கழிச்சு மொஸ்கோவில்தான் கதவு திறந்தது. அமெரிக்க, நெதர்லாந்து வீராங்கனைகளுக்கு அதைச் சாத்தியது அவர்களுடைய நாட்டு ஆட்களே.

அமெரிக்கா சோவியத்துக்குத் தானியம் விற்பதையும் மட்டுப்படுத்தியது. 1981இல் றேகன் அந்தத் தடையை எடுத்துவிட்டார். விவசாயிகளின்ரை வோட்டு முக்கியம் பாருங்கோ. சோவியத் படை வெளியேறினது 1989இல்.

வெற்றிடத்தை நிரப்ப அவசரமாகக் கூப்பிட்ட சிம்பாப்வே பெண்கள், ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் தங்கம் எடுத்தார்கள். ஏப்ரலில்தான் சுதந்திரமடைந்த, கறுப்பினத்தவர் பெரும்பான்மையான நாட்டுக்கு, முழுக்க வெள்ளையர் அணி! கேள்வி கேக்கவேணுமெண்டால் அதைக் கேளுங்கோ.

1984இல் லொஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்கப் பெண்கள் வெண்கலம் எடுத்தார்கள். அந்தமுறை சோவியத் வரேல்லை. அதையும் ஓசி எண்டு சொல்லுவியளோ?