சொல்லாமலிருப்பது குற்றம் என்றால், சொல்ல வழி எங்கே?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு, சங்க அலுவலகத்தைப் பூட்டப் போகும் நேரத்தில் ஒரு தாய் வந்து நின்றார். நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். கணவருக்கு இரவு ஷிப்டு. மகளுக்குப் பதின்மூன்று வயது. "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். யார்கிட்டயும் சொல்லப்படாது" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். கணவரின் தம்பியும் அதே கோலியில்தான் படுத்து எழுந்து வேலைக்குப் போகிறான். அதற்கு மேல் அவர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் யார், எந்தச் சால் என்று தெரியக்கூடிய எதையும் எழுதப்போவதில்லை. அது சட்டமும்கூட, முறையும்கூட.

அவர் கேட்டது ஒரே கேள்வி: "போலீசுக்குப் போனா வீடு ரெண்டாப் போயிரும். போகாட்டி என்னையப் பிடிச்சு உள்ள வச்சிருவாகளாமே, நெசந்தானா?"

நிசம்தான். போக்சோ என்று சுருக்கமாகச் சொல்கிறார்களே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம், 2012ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 19ஆம் பிரிவு, இப்படி ஒரு குற்றம் நடந்தது என்று தெரிந்தவர், நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. ஆசிரியர், டாக்டர் என்று ஒரு சிலரை மட்டும் அது குறிப்பிடவில்லை. 'எந்த நபரும்' என்பது அதன் சொல். தெரிந்தும் சொல்லாதவருக்கு 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பள்ளி, விடுதி, கம்பெனி போன்ற இடங்களின் பொறுப்பாளர் தமக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. குழந்தைக்கு மட்டும் இந்தத் தண்டனை கிடையாது. தாய்க்கு விலக்கு இல்லை. அக்கம்பக்கத்தாருக்கும் இல்லை. அந்த இரவு அந்த அம்மாள் வாய் திறந்த நிமிடத்திலிருந்து நமக்கும் இல்லை. யார்கிட்டயும் சொல்லப்படாது என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டவரிடம், "அம்மா, நீங்கள் சொன்னதைக் கேட்டபின் நான் சொல்லாமல் இருக்க முடியாது" என்று எப்படிச் சொல்வது? ஆனால் சொன்னோம்.

இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 2007இல் மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். பாதிப் பேருக்கு மேல், நூற்றுக்கு 53 பேர், ஏதோ ஒருவிதப் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பார்த்தால், போக்சோவில் வரும் பலாத்கார வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செய்தவன் தெரிந்தவன்தான். சொந்தம், அண்டை வீடு, ஊர்க்காரன், டியூஷன் வாத்தியார். மவுனம்தான் இந்தக் குற்றவாளிக்குப் பெரிய துணை. அந்த மவுனத்தை உடைக்க ஒரு சட்டம் வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை.

அது யாரை நோக்கிப் பாயவேண்டுமோ அவர்களை நோக்கிப் பாய்ந்தபோது நாமும் வரவேற்றோம். இதே மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் மாவட்டத்தில், ஒரு விடுதிப் பள்ளியில் படித்த ஆதிவாசிச் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமையை அறிந்தும் தெரிவிக்கவில்லை என்று ஒரு டாக்டர் மேல் வழக்கு வந்தது. உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தள்ளுபடியை ரத்து செய்து, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்று சொல்லிற்று. 2024 ஆகஸ்டில் பத்லாபூரில் நடந்ததை நம் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. மழலை வகுப்புக் குழந்தைகள் இருவர். பெற்றோர் புகாரோடு போலீஸ் நிலையத்தில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஆகஸ்டு 20 அன்று மக்கள் ரயில் பாதையில் இறங்கினார்கள். லோக்கல் வண்டிகள் நின்றபிறகுதான் அரசாங்கத்தின் காது திறந்தது. தெரிவிக்கத் தவறியதற்காகப் பள்ளிப் பொறுப்பாளர்கள் மேலும் வழக்குப் பதிவாயிற்று. சரிதான். பெயர் கெட்டுவிடும் என்று குழந்தையைப் பலி கொடுக்கும் நிர்வாகத்துக்கு ஓராண்டு சிறை அதிகமில்லை.

ஆனால் பள்ளி நிர்வாகியும் கோலியில் வாழும் தாயும் ஒன்றா? அவர் மறைப்பது கௌரவத்துக்காகவும் கட்டணத்துக்காகவும். இவள் மறைப்பது அடுத்த மாத வாடகைக்காக. கொழுந்தன் கொடுக்கும் பங்கு நின்றால் கோலி போய்விடும். கணவன் நம்புவானா என்று தெரியாது. ஊரில் மாமியார் என்ன சொல்வாள் என்று நன்றாகத் தெரியும். 2019இல் திருத்தம் வந்து, இவற்றில் மிகக் கொடிய குற்றங்களுக்குக் குறைந்தது இருபது ஆண்டு, தூக்குத் தண்டனையும் உண்டு என்றானது. கேட்பதற்கு வீரமாக இருக்கிறது. ஆனால் கை நீட்டவேண்டியது சொந்த வீட்டு ஆளை என்கிறபோது, தண்டனை கூடக்கூட நாக்கு உள்ளே போகிறது. போதாக்குறைக்கு, ஏன் முன்னமே சொல்லவில்லை என்ற கேள்வியும் அவள் தலைமேல் தொங்குகிறது. நேற்றுச் சொல்லாதவள் இன்றைக்குச் சொல்ல வந்தால், நேற்றைய மவுனமே அவளுக்குக் குற்றமாகிவிடும் என்று அஞ்சுகிறாள்.

ஆஸ்பத்திரி வாசலிலும் இதே கதை. பதினெட்டு நிறையாத பெண் கர்ப்பத்தோடு வந்தால் டாக்டர் தெரிவித்தாகவேண்டும். ஊரில் பதினேழு வயதில் கட்டிவைத்து இங்கே அனுப்பிவிடுகிறார்கள். 2017 அக்டோபரில் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, கட்டிய கணவன் என்பதும் அங்கே செல்லாது. குழந்தைத் திருமணத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அது ஒழியவேண்டிய கேடு. ஆனால் கணவனைப் பிடித்துப் போவார்கள் என்ற பயத்தில் அந்தப் பெண் டாக்டரையே பார்க்காமல் பிரசவ நாள் வரை இருந்தால் யாருக்கு லாபம்? கருக்கலைப்புக்கு வரும் சிறுமி கேட்டுக்கொண்டால், டாக்டர் தம் அறிக்கையில் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடத் தேவையில்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் தெருமுனைக் கிளினிக்குகளில் எத்தனை பேர் காதுக்கு அது எட்டியிருக்கிறது?

நம்மவருக்கு இன்னொரு சுமை, மொழி. அந்தத் தாயையும் மகளையும் அழைத்துக்கொண்டு மறுநாள் காலை நாங்கள் போனோம், சங்கத்திலிருந்து இரண்டு பேர். எந்த ஸ்டேஷன் என்பது முக்கியமில்லை. "வீட்டு விவகாரமாயிற்றே, பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடாதா?" என்றுதான் முதல் வார்த்தை வந்தது. குழந்தைக்குப் புரியாத மொழியில் எழுதுவதானால் மொழிபெயர்ப்பாளர் தரவேண்டும் என்று அதே 19ஆம் பிரிவு சொல்கிறது. வந்தவர் பக்கத்து ஓட்டலில் வேலை பார்க்கும் பையன். பெண் 'சித்தப்பா' என்று சொன்னாள். பையன் 'அங்கிள்' என்று சொன்னான். எழுதுகிறவர் அப்படியே எழுதிவிட்டார். தெருவில் போகிற எவனும் அங்கிள்தான். சித்தப்பா என்றால் இரத்த உறவு, ஒரே வீட்டில் வாழ்பவன். சட்டத்தில் அது வேறு பிரிவு, கூடுதல் தண்டனை. எங்கள் தோழியர் ஒருவருக்கு மராத்தி படிக்கத் தெரிந்ததால் அது திருத்தப்பட்டது. அவர் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தால்?

தெரிவிக்காத குடிமகனுக்குத் தண்டனை என்கிற அதே 21ஆம் பிரிவு, புகாரைப் பதிவு செய்யாத அதிகாரிக்கும் தண்டனை என்கிறது. எந்த அதிகாரியாவது இதற்காகச் சிறைக்குப் போயிருந்தால் வாசகர்கள் எழுதியனுப்பலாம், அடுத்த இதழில் முதல் பக்கத்தில் போடுகிறோம்.

நம் ஊர்ச் சங்கத்துப் பெரியவர்களிடமும் கசப்பான ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட விஷயம் வந்தால் இரவோடிரவாகக் கூடி, அவனை ஊருக்கு ரயிலேற்றிவிட்டு, குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று தேநீர் குடித்துவிட்டுக் கலைவது நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. மன்னிக்கவேண்டும், அது காப்பாற்றுவது அவனை. ஊரிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்த அத்தனை பேரும் சட்டத்தின் முன் தெரிந்தும் சொல்லாதவர்கள். தாயை மிரட்டும் சட்டத்தைக் குறை சொல்லும் நாம், இவர்கள் மேல் அது பாய்ந்தால் கண்ணீர் விடமாட்டோம்.

நாம் அரசைக் கேட்பது பெரிய விஷயமல்ல. வேறு மாநிலத்தார் திரளாக வாழும் பகுதிகளில், அவரவர் மொழி தெரிந்த பெண் மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியலை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாட்டவேண்டும். காலம் தாழ்த்தியாவது சொல்ல வந்த தாய் மேல், முன்பு மவுனமாக இருந்ததற்காக வழக்கில்லை என்று சட்டத்திலேயே எழுதவேண்டும். புகாரால் சம்பாதிக்கும் ஆள் சிறைக்குப் போனால் அந்த வீட்டின் வாடகைக்கும் அரிசிக்கும் உடனடி உதவி வேண்டும். இழப்பீடு என்று சட்டத்தில் இருக்கிறது. அது கைக்கு வருவதற்குள் கோலி கைமாறிவிடும்.

அதுவரை தெரிந்துகொள்ளவேண்டியவை சில. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மேல் வழக்குப் போட முடியாது. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை இல்லாமல் வந்து வாங்கவேண்டும். குழந்தையை இரவில் ஸ்டேஷனில் வைக்கக்கூடாது. மே விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் நடந்திருந்தாலும் இங்கேயே புகார் கொடுக்கலாம், எங்கள் எல்லையில்லை என்று திருப்பியனுப்ப முடியாது. 2024 ஜூலை முதல் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் இது தெளிவாக இருக்கிறது. போலீசை நேரே அணுகப் பயந்தால் 1098க்குப் போன் செய்யலாம்.

அந்தக் குடும்பம் இப்போது வேறு பகுதியில் இருக்கிறது. கணவர் மூன்று மாதம் மனைவியோடு பேசவில்லை, இப்போது பேசுகிறார். பெண் பள்ளிக்குப் போகிறாள். வழக்கு நடக்கிறது. கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டுக் கொடுத்த மனுவுக்கு இதை எழுதும் நாள் வரை பதில் வரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அதே தோழியர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் நிற்கிறார்.