சின்ன எஞ்சினுக்குப் பெரிய மூச்சு: குடும்பக் காருக்கு டர்போ தேவையா?

(மும்பையிலிருந்து நமது பகுதிநேர நிருபர்)

சிறிய கார்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி குறைக்கப்பட்டது. அது முதல் தாராவி, மாட்டுங்கா, முலுண்டு, கல்யாண் பகுதிகளில் வாழும் நம்மவர்களிடையே கார் வாங்கும் பேச்சு பலமாக அடிபட்டு வருகிறது. ஆயுள் முழுவதும் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போன குமாஸ்தாக்களும், லேத்துப் பட்டறைத் தொழிலாளர்களும் பிராவிடண்ட் பண்டுக் கணக்கை எடுத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காத தீபாவளிகளையும் பொங்கல்களையும் நினைத்தால் இந்த ஆசையைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் கடைக்குள் நுழைந்ததும் ஒரு கேள்வி எழுகிறது. ஒரே காரில் இரண்டு வகை பெட்ரோல் எஞ்சின்கள். ஒன்று சாதாரணம், மற்றொன்று அளவில் சிறியதாயினும் டர்போ பொருத்தியது, விலையும் கூடியது. "டர்போ எடுங்கள் சார், சும்மா பறக்கும்" என்கிறார் விற்பனையாளர். நம் வேலை பறப்பதா, தவணை கட்டுவதா என்பதைச் சற்று நிதானமாக ஆராய வேண்டியிருக்கிறது.

வரி போட்ட கோடு

இந்தச் சின்ன எஞ்சின்கள் ஏன் இவ்வளவு பெருகின? பொறியாளரைக் காட்டிலும் நிதி அமைச்சகத்துக்கே இதில் பங்கு அதிகம். 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் நாலு மீட்டர் நீளத்துக்கும் 1,200 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கும் மேற்படாத கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அன்று போட்ட கோடு இன்றும் அழியவில்லை. முன்பு 28 சதவீத வரியும் 1 சதவீத மேல்வரியுமாக 29 சதவீதம் இருந்த இந்த வகைக்கு இப்போது 18 சதவீதம். கோட்டைத் தாண்டிய கார்களுக்கு 40 சதவீதம்.

வரிக்கு முன் 7 லட்சம் ரூபாய் விலையுள்ள கார் பழைய வரியுடன் 9 லட்சத்து 3 ஆயிரம் ஆயிற்று. இப்போது 8 லட்சத்து 26 ஆயிரம். 77 ஆயிரம் ரூபாய் மிச்சம் என்பது சிறிய தொகை அன்று.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஞ்சின், நீளம் ஆகிய இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்த வேண்டும். எஞ்சின் 999 சி.சி.தானே என்று நினைத்து, நாலு மீட்டருக்கு மேல் நீண்ட செடான் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தால் அதற்கு 40 சதவீத வரிதான்.

இரண்டாவது காரணம் டீசலின் வீழ்ச்சி. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 புகைக் கட்டுப்பாடு வந்தபோது, சிறிய டீசல் எஞ்சின்களை அதற்கேற்ப மாற்றும் செலவு கட்டுப்படியாகாது என்று மாருதி நிறுவனம் டீசலையே கைவிட்டது. நெடுந்தூரம் போகிறவர்களுக்குப் பழகிப்போன அந்த டீசல் இழுவைக்கு மாற்றாகவே டர்போ பெட்ரோல் முன்னுக்கு வந்தது.

மூச்சு எங்கிருந்து வருகிறது?

டர்போ என்றதும் ஏதோ புதிய மாயம் என்று எண்ண வேண்டியதில்லை. ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி இதற்கு 1905-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். நம் ரயில்வேயில் 1962-இல் வந்து சேர்ந்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின் 2,600 குதிரைசக்தி தந்தது டர்போவின் உதவியால்தான். நம் டாக்ஸிக்காரர்கள் ஓட்டித் தேய்த்த 1,248 சி.சி. ஸ்விஃப்ட் டீசலிலும் டர்போ உண்டு. புதிது என்னவென்றால், அது சிறிய பெட்ரோல் எஞ்சினுக்கு வந்திருப்பதுதான்.

வேலை இதுதான். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணாகப் போகாமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகமானால் அதற்கேற்பப் பெட்ரோலும் அதிகம் எரிக்கலாம். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். கர்ஜத்திலிருந்து லோனாவாலாவுக்கு 1-க்கு 37 என்ற ஏற்றத்தில் நம் வண்டி ஏறும்போது பின்னாலிருந்து பாங்கர் எஞ்சின்கள் தள்ளுகின்றன அல்லவா, ஏறக்குறைய அந்தக் கதைதான். ஒரு வித்தியாசம்: பாங்கரைக் கழற்றிவிடலாம், டர்போவை எப்போதும் சுமந்து திரிய வேண்டும்.

2023 ஏப்ரலில் வெளிவந்த மாருதி ஃப்ரான்க்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். இதில் இரண்டு எஞ்சின்களும் கிடைத்ததால் ஒப்பிடுவது எளிது. சாதாரண 1,197 சி.சி. எஞ்சின் சுமார் 90 குதிரைசக்தியும், 113 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் தருகிறது. 998 சி.சி. டர்போ 100 குதிரைசக்தியும், 148 நியூட்டன் மீட்டரும் தருகிறது. குதிரைசக்தியில் வித்தியாசம் பத்துதான். ஆனால் சாதாரண எஞ்சின் தன் முழு இழுவிசையையும் காட்ட நிமிடத்துக்கு 4,400 சுற்றுகள் ஓட வேண்டும். டர்போவுக்கு 2,000 சுற்றே போதும். ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய கார் கண்டாலா காட்டில் ஒரு லாரியை முந்தும்போது இந்த வித்தியாசம் உயிருக்கு உத்தரவாதம் போன்றது. பெங்களூர் போன்ற மேட்டுநிலத்தில் காற்று சற்று மெலிவு. அங்கும் டர்போ அவ்வளவாகச் சோர்வதில்லை.

ஊர்வலமாகப் போகும் சாலையில்

ஆனால் சயானிலிருந்து காட்கோபர் வரை மாலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இன்னொரு பக்கமும் தெரியும். அங்கே கார் ஓடுவதில்லை, ஊர்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது டர்போவைச் சுழற்றப் போதிய புகை இல்லை. காலை அழுத்தினால் ஒரு கணம் தயங்கி, பிறகு திடீரென்று பாய்கிறது. டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின் கிளம்பும்போது கரும்புகை கக்கியதற்கும் இதுவே காரணம்: எண்ணெய் முந்திக்கொண்டது, காற்று பிந்தி வந்தது.

மைலேஜ் விஷயத்திலும் விளம்பரத்தை அப்படியே நம்பக் கூடாது. மேற்சொன்ன காரின் கியர் மாற்றும் வகைகளுக்குச் சோதனைக்கூடத்தில் கிடைத்தது லிட்டருக்கு 21.79 கிலோமீட்டரும், டர்போவுக்கு 21.5 கிலோமீட்டரும். காகிதத்தில் வேறுபாடே இல்லை. ஆனால் டர்போ எஞ்சின் சிக்கனமாக இருப்பது மெல்ல மிதிக்கும் வரையில்தான். நின்று நின்று கிளம்பி ஒவ்வொரு முறையும் அழுத்தினால் பெட்ரோல் கரையும். போதாக்குறைக்கு இன்று பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் உள்ள வெப்பசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே எந்த எஞ்சினானாலும் மைலேஜ் சிறிது குறையவே செய்யும். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பழைய காரை வாங்குவோர், அதன் ரப்பர் குழாய்களும் சீல்களும் இந்தக் கலவையைத் தாங்குமா என்று கேட்டறிவது நல்லது.

குமாஸ்தாவின் கணக்கு

இனி நமக்குத் தெரிந்த தொழிலுக்கு வருவோம். டர்போவுக்காக ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகக் கடன் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 9 சதவீத வட்டியில் ஏழு வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 1,610 ரூபாய்; மொத்தம் ஏறத்தாழ 1,35,000 ரூபாய் கட்டியிருப்போம்.

அடுத்து பெட்ரோல். வருடம் 8,000 கிலோமீட்டர், பெரும்பாலும் நகருக்குள். சாதாரண எஞ்சின் லிட்டருக்கு 16, டர்போ 12.5 என்று கணக்குக்காக வைத்தால் முன்னதற்கு 500 லிட்டர், பின்னதற்கு 640 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் வீதம் வருடம் 14,000 ரூபாய், அதாவது மாதம் 1,167 ரூபாய் அதிகம்.

ஒரு சிறு லாபமும் உண்டு. கட்டாய மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எஞ்சின் அளவைப் பார்த்தே விதிக்கப்படுகிறது, சக்தியைப் பார்த்தன்று. 2022 ஜூன் முதல் அமலான விகிதப்படி 1,000 சி.சி. வரை வருடம் 2,094 ரூபாய். அதற்கு மேல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். ஆகவே பலம் கூடிய 998 சி.சி. டர்போவுக்குக் கட்டணம் குறைவு! மாதக் கணக்கில் 110 ரூபாய் மிச்சம்.

கூட்டிக் கழித்தால் நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் டர்போவுக்காக மாதம் 2,650 ரூபாய்க்கு மேல் தண்டம் கட்டுகிறார். ஒரு பிள்ளையின் டியூஷன் பணம் அது. நெடுஞ்சாலையில் ஒரே சீராக 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு மைலேஜ் வித்தியாசம் பெரும்பாலும் மறைந்து, தவணை மட்டுமே சுமையாக நிற்கும்.

எண்ணெய்தான் உயிர்

யானை வாங்குகிறவன் அங்குசத்துக்கு யோசிக்கலாகாது. டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தொடும் புகையோ 800 டிகிரிக்கும் அதிகமான சூடு. இரண்டுக்கும் நடுவே அதைக் காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான்.

என் பக்கத்து கட்டிடத்தில் குடியிருக்கும் அச்சகத் தொழிலாளர் ஒருவர் மூன்றாண்டுகளுக்கு முன் பழைய டர்போ கார் ஒன்றை மலிவாக வாங்கினார். முந்தைய சொந்தக்காரர் ஆயில் மாற்றியதற்குச் சீட்டு ஒன்றும் இல்லை, இவரும் கேட்கவில்லை. எட்டாம் மாதம் நீலப்புகை கிளம்பியது. டர்போவை மாற்ற ஆன செலவு அவருடைய மூன்று மாதச் சம்பளம். அந்த வருடம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு மனைவியின் வளையல் அடகுக்குப் போயிற்று. ஒரு துண்டுச் சீட்டைக் கேட்காததன் விலை அது.

எனவே கம்பெனிப் புத்தகத்தில் குறிப்பிட்ட தரத்து ஆயிலையே ஊற்ற வேண்டும்; தேதி தவறக் கூடாது. காட் ஏறி வந்ததும் உடனே அணைக்காமல் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஓடவிட்டு அணைக்க வேண்டும். டீசல் ஷெட்டில் எஞ்சின் நின்ற பிறகு டர்போ சுழன்று ஓய்வதை ஊழியர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். அதன் அருமை தெரிந்தவர்கள் அவர்கள். பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக நினைத்து உயர்ந்த கியரில் வண்டி திணறத் திணற மிதிப்பதும் ஆகாது. குறைந்த சுற்றில் அதிக பாரம் கொடுத்தால் பெட்ரோல் நேரம் தவறித் தானே வெடித்து பிஸ்டனையே உடைக்கக் கூடும்.

யாருக்கு எது?

எங்கள் அலுவலகத்தில் அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகும் அண்ணாச்சி ஒருவர் இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தார். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். "தம்பி, ஊர்ல எல்லாரும் டர்போங்கறான். நான் என்ன செய்ய?" என்றார்.

"அண்ணாச்சி, வருஷத்துக்கு எத்தனை தடவை ஊருக்கு ஓட்டிக்கிட்டுப் போவீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு தடவை. அம்மாவ ரயில்ல ஏத்தி இறக்க முடியலை, அதுக்குத்தான் காரே."

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். அவரும் மனைவியும் தாயாரும், மகன் புனாவில். மூன்று பேர், ஒரு பயணம். சாதாரண எஞ்சினே தாராளம் என்றேன். காட் வந்தால் ஒரு கியர் குறைத்து, லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போகட்டும். மிச்சமாகும் பணத்தில் வழியில் ஒரு இரவு நல்ல விடுதியில் தங்கித் தாயாரை இளைப்பாற வைக்கலாம். மும்பையிலிருந்து புனா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை வழியாக 1,600 கிலோமீட்டருக்கு மேல். ஒரே மூச்சில் போவது எந்த எஞ்சினாலும் அல்ல, எந்த மனிதனாலும் கூடாதது.

அதே சமயம், ஐந்து பேர் குடும்பத்துடன் வருடம் மூன்று நான்கு முறை சாலைவழியே ஊர் போய் வருகிறவர், புனாவுக்கும் மும்பைக்கும் வாரந்தோறும் காட் ஏறி இறங்குகிறவர், இவர்களுக்கு டர்போ வீண் செலவன்று. சாதாரண எஞ்சினை முழுப் பாரத்தோடு கதறவிட்டு முந்துவதைவிட அது பத்திரமானது. பழைய காராக வாங்குவோர் மட்டும் சர்வீஸ் சீட்டுகள் முழுவதும் இல்லாத டர்போவை எவ்வளவு மலிவானாலும் தொடாதிருப்பது நலம்.

ஊரோடு திரும்பப்போகிறவர்களுக்கு இன்னொரு குறிப்பு. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். 2021 செப்டம்பரில் வந்த பி.எச். வரிசை எண் முறையில், மத்திய அரசு ஊழியர்கள் உள்ளிட்ட சிலர் சாலை வரியை இரண்டிரண்டு வருடங்களாகக் கட்டி இந்தத் தொல்லையைத் தவிர்க்கலாம். ரயில்வே ஊழியர்கள் ஓய்வு பெறுவதற்கு முன்பே இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

வரியைக் குறைத்தது அரசு. அந்த மிச்சத்தைத் தேவையற்ற குதிரைசக்திக்குக் கொடுத்துவிடாமல் காப்பது நம் பொறுப்பு. அண்ணாச்சி சாதாரண எஞ்சினுக்கே முன்பணம் கட்டிவிட்டார். பின் இருக்கையில் தாயாருக்கு மெத்தை தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.