டாலரில் கடன், பாட்டில் வருமானம்: 1997-ல் ஆசியா சறுக்கியது எப்படி?

ஒரு டாலருக்குச் சுமார் 25 பாட். தாய்லாந்தில் பத்து வருஷத்துக்கும் மேலாக இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. இனியும் மாறாது என்று எல்லோரும் நம்பியதுதான் வினை.

உள்ளூரில் கடன் வாங்கினால் வட்டி அதிகம், டாலரில் வாங்கினால் குறைவு. மதிப்புதான் மாறாதே, அப்புறம் என்ன? நிறுவனங்கள் டாலரை வாங்கி பாட்டாக மாற்றி, பாங்காக்கில் அடுக்குமாடிகளாகக் கட்டித் தள்ளின. அதில் பெரும்பகுதி குறுகிய காலக் கடன். கட்டடத்தில் போட்ட காசு ஒரே வருஷத்தில் திரும்புமா என்ன?

1996-ல் ஏற்றுமதி தேங்கியது. கட்டிய வீடுகளும் விற்கல. பாட் இந்த விலையில் நிற்காது என்று கணித்த ஹெட்ஜ் ஃபண்டுகள் அதை விற்றுத் தள்ள, மத்திய வங்கி கையிருப்பு டாலரைக் கொட்டி முட்டுக்கொடுத்தது. தாங்கல. 1997 ஜூலை 2-ல் மதிப்பைச் சந்தையிடமே விட்டுவிட்டது. அடுத்த ஜனவரியில் ஒரு டாலர் 50 பாட்டைத் தாண்டியது. 10 லட்சம் டாலர் வாங்கியவரின் கடன் 2.5 கோடி பாட்டிலிருந்து 5 கோடிக்கு மேல் போனது, புதிதாக ஒரு டாலர்கூட வாங்காமலேயே!

பழியை ஊக வணிகர்கள் மீது மட்டும் போடுவது சுலபம். ஆனால், வீடு ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது.

‘பக்கத்து நாட்டிலும் இதே கதைதானோ’ என்று முதலீட்டாளர்கள் பணத்தை உருவ, இந்தோனேசியா, மலேசியா, தென்கொரியா என்று வரிசையாகச் சரிந்தன. கொரியாவில் மக்கள் கடனை அடைக்க வீட்டு நகையைக் கொடுத்தார்கள். சேர்ந்த தங்கம் 200 டன்னுக்கும் மேல்.

உதவிக்கு வந்த ஐ.எம்.எஃப் சொன்ன வைத்தியம்: வட்டியை ஏற்று, செலவைக் குறை. நெருக்கடிக்கு முன் தாய்லாந்து அரசின் பட்ஜெட் உபரியில் இருந்தது. ஊதாரித்தனமாகக் கடன் வாங்கியது தனியார். பத்தியம் மட்டும் ஊருக்கே. இது நியாயமே இல்லை. இந்தோனேசியாவில் 1998 மே மாதம் எரிபொருள் விலையை ஏற்றியதும் போராட்டங்கள் தீவிரமாகின. அந்த மாதக் கலவரத்தில் சீன வம்சாவளியினர் குறிவைக்கப்பட்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மே 21-ல் சுகார்த்தோ பதவி விலகினார்.

மலேசியா ஐ.எம்.எஃப் பக்கமே போகல. 1998 செப்டம்பரில் பணம் வெளியேறக் கட்டுப்பாடு போட்டு, ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நிறுத்தியது. பலர் பயமுறுத்தியபடி நாடு மூழ்கவில்லை. புயலின் உச்சம் அதற்குள் கடந்துவிட்டது என்பாரும் உண்டு. அந்த 3.80 மட்டும் 2005 ஜூலை வரை நின்றது.