சீட் இருக்கு, வழி சொல்ல ஆள் இல்ல

ஒவ்வொரு வருஷமும் பொறியியல் கலந்தாய்வு சமயத்துல பேப்பர் ஓரத்துல ஒரு சின்னச் செய்தி வரும். நீங்க பார்த்திருக்க வாய்ப்பு கம்மி. அந்த வாரம் நாம எல்லாரும் கட்-ஆஃப், ரேங்க், எந்தக் காலேஜ்ல எந்த பிரான்ச் என்று மண்டையைப் பிய்ச்சுக்கிட்டு இருந்திருப்போம். செய்தி இதுதான்: மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடங்களில் பெரும்பகுதி இந்த வருஷமும் நிரம்பவில்லை.

அவங்களுக்கு ஒதுக்கீடு 5 சதவீதம். பொதுக் கலந்தாய்வு தொடங்குறதுக்கு முன்னாடியே தனியாகக் கூப்பிடுறாங்க. அப்படியும் ஆள் வரல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். நம்ம கேம்பஸ்ல நாலு வருஷத்துல நான் பார்த்தவங்களை எண்ணினா ஒரு கையிலயே விரல் மிச்சம் இருக்கு.

"படிப்பு ஏறல, அதான் வரல" என்று ஒரு பதில் ரெடியா இருக்கும். எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. இப்படி ஒரு வழி இருக்கு, அதுல போக எட்டாவது ஒன்பதாவதுலயே என்னென்ன செய்யணும்னு அவங்ககிட்ட யாரும் உட்கார்ந்து பேசினதே இல்லை. பேசினதெல்லாம் சர்டிபிகேட் பத்தியும் உதவித்தொகை பத்தியும்தான்.

எப்படிச் சொல்றேன்னா, என் சித்தி பையன் கதை தெரியும். உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளி. ரெண்டு காதுலயும் மெஷின். எதிர்ல நின்னு நிதானமாப் பேசினா புரிஞ்சுப்பான், கூட்டத்துல பேசினா போச்சு. ஆனா கிணத்து மோட்டார் ஸ்டார்ட்டர் பாக்ஸைத் திறந்து எந்தக் காயில் போயிருக்குன்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவான். எலக்ட்ரிகல் மெஷின்ஸ் லேப்ல நான் அவனை நினைச்சிருக்கேன், சத்தியமா.

பத்தாவது படிக்கும்போது அவங்க ஸ்கூல்ல கெரியர் கைடன்ஸ் நடந்தது. யாரோ தயாரிச்ச ஒரு வீடியோவை புரொஜெக்டர்ல போட்டாங்க. பின்னணியில ஒருத்தர் பேசிக்கிட்டே போறார், கீழே ஒரு வரி எழுத்து கிடையாது. முக்கால் மணி நேரம் தம்பி பார்த்தது வெள்ளைக் கோட்டு, மஞ்சள் ஹெல்மெட், ஏரோபிளேன். அதுக்கப்புறம் சார்கிட்ட போய், "நான் என்ன சார் படிக்கலாம்?"னு கேட்டிருக்கான். அவர் நல்ல மனுஷன், அதையும் சொல்லணும். அவர் திருப்பிக் கேட்டது, "கார்டு வாங்கிட்டியா? ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போட்டாச்சா?" அவ்வளவுதான் பேச்சு.

சாரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகுது? அவர் பாடம் நடத்துறவர். வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர்கள் இருக்காங்க. அவங்க ஸ்கூல் ஸ்கூலாப் போறாங்க, பிள்ளைகளைக் கண்டுபிடிக்கிறாங்க, மருத்துவ முகாமுக்குக் கூட்டிட்டு வர்றாங்க, ஸ்கூலுக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லித் தர்றாங்க. இதுக்கு நடுவுல "இந்தப் பையன் என்ன வேலைக்குப் போவான்?" என்ற கேள்வி யார் மேஜையிலும் கிடையாது. நமக்கு 2022-லிருந்து நான் முதல்வன் இருக்கு, பிளேஸ்மென்ட் செல் இருக்கு, சீனியர் இருக்காங்க, லிங்க்ட்இன் இருக்கு. ஒரே கேள்வியை எத்தனை பேர்கிட்ட கேட்டோம்னு யோசிச்சுப் பாருங்க.

அன்னைக்கு தம்பிகிட்ட என்னவெல்லாம் சொல்லியிருக்கலாம்? சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்குது. அடையாறுல காது கேளாதவர்களுக்காகவே செயின்ட் லூயிஸ் கல்லூரி இருக்கு. கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை மையம் இருக்கு, மத்திய அரசோடது. என்ன வேலைக்குத் தகுதின்னு பார்த்துப் பயிற்சியும் கொடுக்கிற இடம். 2016-ஆம் வருஷச் சட்டம் அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் தரச் சொல்லுது, அரசு வேலையில் 4 சதவீதம். இதெல்லாம் ஒரு ஏ4 பேப்பர்ல அடங்கும்.

ஆனா பேப்பர் கொடுத்தா மட்டும் போதாது. ஏன்னா சலுகைக்கும் வேலைக்கும் நடுவுல ஒரு சிக்கல் இருக்கு. செவித்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு பொதுத்தேர்வுல ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. தேவையான சலுகை, நான் எதிர்க்கல. ஆனா ஆங்கிலத்தை விட்டுட்டு பிளஸ் டூ முடிக்கிற பையன் நாளைக்கு பி.சி.ஏ.வோ பி.இ.யோ சேர்ந்தா புத்தகம் எந்த மொழியில இருக்கும்? நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம், எனக்கே ஃபர்ஸ்ட் இயர்ல நாக்கு தள்ளுச்சு. பரீட்சையில விலக்கு வாங்கிக்கோ, ஆனா உனக்கு இந்தத் துறை பிடிக்கும்னா இவ்வளவு ஆங்கிலத்தைத் தனியா, மெதுவா, மார்க் பயமில்லாம கத்துக்கோன்னு யாராவது ஒன்பதாவதுலயே சொன்னாத்தான் அந்தச் சலுகை உதவும். இல்லேன்னா இன்னைக்குத் திறக்கிற கதவு நாளைக்கு வேற ஒண்ணை மூடிடும்.

கற்றல் குறைபாடுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. 1995 சட்டத்துல அது லிஸ்ட்லயே கிடையாது. 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லுது, அதுல இதுவும் வந்தது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், கற்றல் குறைபாடு, பல்வகைக் குறைபாடு எல்லாத்துக்கும் சேர்த்து அரசு வேலையில் 1 சதவீதம். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை 14 வயசுலயும் 18 வயசுலயும் மறுபடி பரிசோதிச்சு வாங்கணும், 18-ல் வாங்கினது வாழ்நாளுக்கும் செல்லும். பத்தாவதோட எக்ஸ்ட்ரா டைம் தேவை முடிஞ்சதுன்னு சான்றிதழைப் பீரோவுல வெச்சுடுற குடும்பத்துக்கு இது எப்படித் தெரியும்?

யாரும் சொல்லலேன்னாலும் ஒரு பாதை தானாவே போட்டு வெச்சிருக்கு. கண் தெரியாதவங்களா, வரலாறு குரூப், பி.ஏ., பி.எட். காது கேக்காதவங்களா, தையல் இல்லேன்னா டி.டி.பி. அறிவுசார் குறைபாடா, மெழுகுவத்தி, பேப்பர் கவர். எந்த வேலையும் கேவலமில்லை. ஆனா தம்பிக்கு என்ன வரும்னு அவன் கையைப் பார்த்து யாரும் சொல்லல, காதுல இருக்கிற மெஷினைப் பார்த்துச் சொன்னாங்க.

எங்க ஊர்னா உடனே குடவோலை பேசுவாங்க. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921. ஓலையில பேர் எழுதி, குடத்துல போட்டு, குலுக்கி எடுத்தாங்க. சின்ன வயசுலிருந்து வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கம் போனாலே யாராவது இதைச் சொல்லிடுவாங்க. எனக்கு அதுல எப்பவும் கண்ணுல படுறது முன்னாடி இருக்கிற தகுதிப் பட்டியல்தான்: கால் வேலி நிலம், சொந்த மனையில வீடு, வேதப் படிப்பு, வயசு 35-லிருந்து 70. நம்ம பிளேஸ்மென்ட் எலிஜிபிலிட்டிக்குத் தாத்தா. குலுக்கல் நியாயமாத்தான் நடந்திருக்கும். குடத்துக்குள்ள யார் பேர் போகுதுங்கிறது அதுக்கு முன்னாடியே முடிஞ்ச விஷயம். இந்த 5 சதவீத இடமும் அப்படித்தான் கிடக்கு, குடம் இருக்கு, ஓலையில பேர் எழுத யாரும் உட்காரல.

வெளிநாட்டுல இதைச் சட்டமாவே வெச்சிருக்காங்க. அமெரிக்காவுல சிறப்புக் கல்வி பெறுற ஒவ்வொரு பிள்ளைக்கும் 16 வயசுக்குள்ள, பள்ளிக்கு அப்புறம் என்னன்னு எழுத்துல ஒரு திட்டம் இருக்கணும். இங்கிலாந்துல ஒன்பதாம் வகுப்பு வருஷாந்திர ஆய்வுலயே வேலை, தனியா வாழ்றது பத்திப் பேச ஆரம்பிச்சிடுறாங்க. நமக்கு அவ்வளவு பணம் இல்லைதான். ஆனா ஒன்பதாவதுல, பிள்ளையும் அம்மா அப்பாவும் சிறப்பாசிரியரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுறதுக்கு எவ்வளவு செலவாகும்?

அம்மா அப்பான்னு சொன்னேன், அதுதான் கஷ்டமான இடம். மாநிலக் கல்லூரி பத்திச் சித்திகிட்ட சொன்னேன். முழுசாக் கேட்டாங்க. அப்புறம், "ஏம்பா, செங்கல்பட்டுல பஸ் மாறணும். ராத்திரி நேரத்துல கண்டக்டர் இறங்கச் சொல்லிக் கத்தினா இவனுக்குக் கேக்குமா?"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்லை. "பக்கத்துலயே ஒரு கடையில உட்கார வெச்சா என் கண்ணு முன்னாடி இருப்பான்." இதை அறியாமைன்னு நாம சுலபமாச் சொல்லிடலாம். பதினஞ்சு வருஷம் அவனுக்குக் காதா இருந்தவங்க அவங்கதான்.

அந்தக் கேள்விக்கு எந்த வீடியோவும் பதில் சொல்லாது. அதே மாதிரி கிராமத்துலேருந்து போய், அதே மாதிரி பஸ் மாறி, ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற ஒரு காது கேக்காத பையன் சித்தி வீட்டுத் திண்ணையில வந்து உட்கார்ந்து, போன்ல மேப்பைக் காட்டி, "நான் இப்படித்தான் இறங்குவேன்"னு காட்டினா அது பதில். டிசம்பர் 3 ஆனா நாம ஸ்டேட்டஸ் வைக்கிற பெனோ செஃபின் மாதிரியான பெரிய பெயர்களை நான் மதிக்கிறேன். முழுசாப் பார்வை இல்லாம வெளியுறவுப் பணிக்குப் போனவங்க. ஆனா சித்திக்கு ஐ.எஃப்.எஸ். ரொம்ப தூரம். ரெண்டாம் வருஷம் பி.சி.ஏ. படிக்கிற பையன்னா கிட்ட.

"பி.இ. முடிச்ச நமக்கே வேலை இல்ல, இதுல அவங்களுக்கு வேறயா?" என்று ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான். உண்மைதான், மார்க்கெட் மோசம். அதுக்காக நமக்கு யாரும் கைடன்ஸை நிறுத்திடலையே.

கேம்பஸ்க்கு வர்ற கம்பெனிங்க பத்தி ஒண்ணு. அதே சட்டத்தோட 21-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும், தனியாரும் சேர்த்துத்தான், சம வாய்ப்புக் கொள்கை ஒண்ணை வெளியிடணும். பிரசென்டேஷன் முடிஞ்சு எச்.ஆர். "எனி கொஸ்டின்ஸ்?"னு கேட்கும்போது பாண்ட் எத்தனை வருஷம்னு எல்லாரும் கேட்குறோம். இதையும் ஒருத்தர் கேளுங்க. கேட்டா பதில் தேடி வெச்சுக்கிட்டு அடுத்த வருஷம் வருவாங்க.

தம்பி இப்போ பிளஸ் ஒன். இடம் இருந்த குரூப்ல போட்டிருக்காங்க. ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியனா, பி.சி.ஏ.வான்னு அவன் இன்னும் முடிவு பண்ணல, ஆனா இப்போ ரெண்டு பேரையும் அவனுக்குத் தெரியும்.

ஜனவரியில நம்ம என்.எஸ்.எஸ். முகாம் உத்திரமேரூர் பக்கம்தான். ஒரு நாள் பள்ளிகள்ல கெரியர் கைடன்ஸ்னு போட்டிருக்கு. அதுல ஓட்டப்போற வீடியோக்களுக்குத் தமிழ்ல எழுத்து போட நாலு பேர் வேணும், தமிழ் டைப்பிங் தெரிஞ்சா போதும். சென்னையில காது கேக்காத, பார்வை இல்லாத கல்லூரி நண்பர்கள் யாராவது உங்களுக்கு இருந்து, ஒரு நாள் வர முடியும்னா, பஸ் செலவு, சாப்பாடு எங்க பொறுப்பு. பொங்கல் லீவுக்கு முன்னாடி இதழ் ஆசிரியர்கிட்ட பேர் கொடுத்துடுங்க.